காய்ந்ததும் வெளுத்துப்போன மழைத்தெரு

பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் கய்போத் 1877இல் தீட்டிய ‘பாரிஸ் தெரு, மழை நாள்’ ஓவியத்தில் மழையைக் கோடு கோடாக இழுத்துக் காட்டவில்லை. குடைகள் இருக்கின்றன. நடுவே ஒரு பச்சை விளக்குக் கம்பம் நிற்கிறது. இடப்பக்கம் கல் பாவிய தெரு ஈரத்தில் மினுங்குகிறது. அந்த மினுக்கத்தைப் பார்த்தே கண் மழையை நம்பிவிடுகிறது.

ஏறக்குறைய 2.1 மீட்டர் உயரமும் 2.8 மீட்டர் அகலமும் கொண்ட எண்ணெய்வண்ண ஓவியம் அது. அதிலுள்ள கல் தெருவை மட்டும் எடுத்து, ஒரு சின்னக் காகிதத்தில் நீர்வண்ணத்தில் போட்டுப் பார்த்தேன். ஈரமாக இருந்தவரை அத்தனை அழகு. கற்கள் கருநீலமாக ஆழ்ந்து கிடந்தன. அரை மணி நேரம் கழித்து வந்து பார்த்தால், தெரு வெளிறிப் புழுதி படிந்த மாதிரி இருந்தது. மழை விட்டு வெயிலும் அடித்துவிட்டது போல.

இதை உவமையாக மட்டும் சொல்லவில்லை. மழை விட்டதும் நிஜத் தெரு வெளுப்பதற்கும், காகிதத்தில் வண்ணம் வெளுப்பதற்கும் அடிப்படை ஒன்றுதான். காய்ந்த கல்லின் மேற்பரப்பில் நுண்ணிய குழிகளும் இடுக்குகளும் உண்டு. அவற்றில் காற்று இருக்கிறது. காற்றின் ஒளிவிலகல் எண் (ஒரு பொருளுக்குள் நுழையும் ஒளி எவ்வளவு வளையும் என்பதைக் காட்டும் அளவு) 1, கல்லுக்கோ 1.5 அளவில். வித்தியாசம் பெரியது என்பதால் காற்றும் கல்லும் சந்திக்கும் ஒவ்வொரு எல்லையிலும் ஒளி வெடுக்கென்று திரும்பி, உள்ளே அதிகம் போகாமல் வெளியே வந்துவிடும். கல் வெளிறித் தெரியும். இடுக்குகளில் நீர் புகுந்தால் (நீரின் எண் 1.33) வித்தியாசம் குறைகிறது. ஒளி கொஞ்சமாகத்தான் திரும்பும், ஆழமாகப் போகும், போகிற வழியில் உறிஞ்சப்படும். கல் கருக்கிறது.

காகிதத்தில் கல்லுக்குப் பதில் செல்லுலோஸ் இழைகளும் நிறமித் துகள்களும், அவற்றைப் பிடித்துவைக்கும் அகேசியா மரப் பிசினும். மற்றதெல்லாம் அதே கதைதான். நீர் ஆவியானதும் அதன் இடத்தைக் காற்று பிடிக்கிறது. போதாததற்கு, கண்ணாடி போல வழுவழுப்பாக இருந்த மேற்பரப்பு சொரசொரப்பாகி, விழுகிற வெள்ளொளியை எல்லாப் பக்கமும் சிதறடிக்கிறது. வண்ணத்தின் மேல் மெல்லிய வெள்ளைத் துணி போர்த்திய மாதிரி ஆகிவிடும். கய்போத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. எண்ணெய்வண்ணத்தில் நிறமியைப் பிடித்துவைக்கும் ஆளி விதை எண்ணெய் ஆவியாவதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து, இருந்த இடத்திலேயே இறுகுகிறது. அதன் ஒளிவிலகல் எண் 1.48 அளவில். அதாவது எண்ணெய்வண்ணம் காய்ந்த பிறகும் ஈரமாகவே தெரியும். மழைத்தெருவுக்கு இதைவிட வாகான பொருள் வேறு எது? நீர்வண்ணக்காரர் காய்ந்தபின் எவ்வளவு வெளுக்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு, கண்ணுக்குச் சரியென்று படுவதைவிட ஒரு படி கருப்பாகவே வைக்க வேண்டும்.

சரி, கருத்த கல் ஏன் மினுங்குகிறது? நேர் மேலிருந்து விழும் ஒளியில் நீர்ப்பரப்பு வெறும் 2 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்பும். தரையிலிருந்து 10 டிகிரி மட்டுமே உயர்ந்த சாய்வில் வரும் ஒளியில் 35 சதவீதம் திரும்பிவிடும். அதனால்தான் உங்கள் காலடியில் தெரு கருப்பாகவும், தூரம் போகப் போக வானத்தின் நிறமாகவும் தெரிகிறது. என் முதல் முயற்சியில் தெரு முழுவதையும் ஒரே கருப்பாகப் பூசியிருந்தேன். வெளுத்தது ஒரு பிழை என்றால், இது அதைவிடப் பெரிய பிழை. நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது காகிதமேதான். தூரத்து மினுக்கத்துக்கான இடத்தைத் தூரிகை படாமல் முதலிலேயே விட்டுவைக்க வேண்டும்.

கற்களின் விளிம்புக்கு மட்டும் நீர்வண்ணம் தானாகவே கைகொடுக்கிறது. ஒவ்வொரு கல்லையும் தனித்தனிச் சின்னக் குட்டையாக வைத்துக் காயவிடுங்கள். குட்டையின் ஓரம் காகிதத்தைப் பற்றிக்கொண்டு நகராமல் நிற்கும். ஓரத்தில் நீர் வேகமாக ஆவியாகும். அதை ஈடுகட்ட நடுவிலிருந்து நீர் ஓடிவரும், நிறமியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு. காய்ந்தபின் கல்லைச் சுற்றி யாரும் வரையாத கருங்கோடு ஒன்று இருக்கும். காபிக் கறையின் ஓரம் கருப்பதும் இதனால்தான். இதை 1997இல் விளக்கிக் காட்டியவர்கள் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள். கய்போத்தின் அந்த ஓவியம் இருப்பதும் சிகாகோவில்தான், அங்குள்ள கலை நிறுவனத்தில்.

அப்புறம் அந்த விளக்குக் கம்பத்தின் பிரதிபலிப்பு. ஈரத் தெருவில் அது கூர்மையாக இருக்காது, கீழ்நோக்கி நீண்டு கலங்கியிருக்கும். அதற்கு வண்ணம் ஈரத்தின் மேல் விழ வேண்டும், ஆனால் எந்த ஈரம் என்பதுதான் கேள்வி. காகிதத்தைக் கண்மட்டத்துக்கு உயர்த்திச் சாய்த்துப் பாருங்கள். பளபளவென்றிருந்தால் நீர் இன்னும் இழைகளுக்கு மேலே படலமாக நிற்கிறது, வைத்த வண்ணம் எங்கோ ஓடிவிடும். பளபளப்பு மங்கும் நேரத்தில் இழைகளின் முனைகள் நீருக்கு மேலே தலைகாட்டத் தொடங்கியிருக்கும். தூரிகையில் நீர் குறைவாக, நிறமி அதிகமாக எடுத்து, மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. தூரிகையில் நீர் கூடிவிட்டால், அது பாதி காய்ந்த நிறமியைத் தள்ளிக்கொண்டு போய்க் காலிஃபிளவர் போல ஒரு கறையை விரித்துவிடும். மூன்றாவது காகிதத்தில்தான் எனக்கு அந்த இழுப்பு சரியாக வந்தது. பச்சை இரண்டு விரல்கடை நீளத்துக்கு இறங்கி, ஓரங்களில் லேசாகக் கலைந்து, அப்படியே நின்றது.