வெயிலடிக்கும்போது வரும் வெள்ளம்

"வெயில் இந்தப் போடு போடுது, தண்ணி எங்கிருந்துங்க வரப்போகுது?"

2018 ஆகஸ்டில், பவானியில் ஆற்றை ஒட்டிய தெருவில் ஜமக்காளம் நெய்யும் ஒரு அம்மா என்னிடம் கேட்டார். மறுநாள் காலை அவர் வீட்டுத் தறிக்குழி, அதாவது கால் வைத்து மிதிக்கத் தறிக்கு அடியில் தோண்டிய குழி, முழுக்கத் தண்ணீர்.

நான் கட்டடப் பொறியாளர். வெள்ளம் வடிந்ததும் பவானி, குமாரபாளையம், ஈரோடு கருங்கல்பாளையம் பக்கம் வீடுகளைப் பார்த்துச் சொல்லக் கூப்பிடுவார்கள். எல்லா இடத்திலும் கேட்பது அதே கேள்விதான். தென்மேற்குப் பருவத்தில் நம் ஊர் மழை மறைவில் இருக்கிறது. மழை பெய்வது குடகிலும் வயநாட்டிலும். கர்நாடகத்தில் கபினி, கிருஷ்ணராஜசாகர் அணைகள் நிரம்பினால் தண்ணீர் மேட்டூருக்கு வரும். மேட்டூர் 120 அடியைத் தொட்டுவிட்டால் வருவதை அப்படியே திறந்துவிட வேண்டியதுதான். ஒரு லட்சம் கன அடி என்றால், 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் 230க்கு மேல் ஒவ்வொரு நொடியும் நம்மைத் தாண்டிப் போகிற மாதிரி. அந்த ஆண்டு அதைப்போல் இரண்டு மடங்கு வந்தது. பவானிசாகர் உபரி நீரும் சேர்ந்துகொண்டது. காவிரி ஏறி நிற்கும்போது பவானி ஆறு, இரண்டும் சேரும் கூடுதுறையில் கலக்க வழியில்லாமல் பின்னால் தேங்கும். சாக்கடையும் எதிர்த்து ஏறும். கரை தாண்டுவதற்கு முன்பே வீட்டுக்குள் தண்ணீர் வருவது இப்படித்தான்.

ஆற்றோரம் குடியிருப்பவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. வேலை பக்கத்தில், வாடகை குறைவு. வரி ரசீதும் கரண்ட் இணைப்பும் கிடைத்துவிடுகின்றன. பழைய வெள்ளம் எதுவரை வந்தது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

சரி, தண்ணீர் வடிந்த பிறகுதான் எனக்குப் பயம் அதிகம். அந்த அம்மாவின் மகன் மோட்டார் வைத்துத் தறிக்குழியை ஒரேயடியாக இறைத்தார். சுற்றியுள்ள மண் ஊறிக் கிடந்தது. உள்ளே தாங்கிய தண்ணீர் போனதும் குழியின் ஒரு பக்கம் சரிந்து, தறியின் கால் சாய்ந்துவிட்டது. தறியில் நீளவாக்கில் கட்டியிருந்த பாவு நூல் முழுக்கச் சேறு. ஒரு மாதப் பிழைப்பு போச்சு. ஆறு இறங்க இறங்க, நாளுக்குக் கொஞ்சமாக இறைத்திருக்க வேண்டும்.

சுவரும் இப்படித்தான். மண் சாந்தில் கட்டிய பழைய செங்கல் சுவர் தண்ணீரில் நிற்கும். வெயில் பட்டுக் காயும்போது விழும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடியிருந்தால் அந்த அறையில் படுக்காதீர்கள், குழந்தைகளை விடாதீர்கள். மெயின் சுவிட்சை எலக்ட்ரீசியன் பார்க்கும்வரை தொடாதீர்கள். கக்கூஸ் தொட்டி நிரம்பி வழிந்திருந்தால் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கவே கூடாது.

இனி ஆடியில் வானத்தைப் பார்க்காமல் மேட்டூர் நீர்மட்டத்தைப் பாருங்கள். 115 அடி தாண்டி, வரத்தும் ஏறிக்கொண்டிருந்தால், அன்றைக்கே பாவைச் சுருட்டிப் பரண்மேல் ஏற்றிவிடுங்கள். ரேஷன் கார்டு, வீட்டுப் பத்திரம், மாத்திரை எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். முகாமுக்குப் போகச் சொன்னால் பகலிலேயே கிளம்புங்கள். வயசானவர்களை இருட்டில், முழங்கால் தண்ணீரில் தூக்கி வருவதை நான் பார்த்திருக்கிறேன்.