கிராம்பு எண்ணெயில் முக்கியெடுத்த மாம்பழம்

இந்த சீசனிலும் கிராம்பு எண்ணெயில் முக்கியெடுத்த மாம்பழம் வந்துவிட்டது. கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து பெங்களூரு சிங்கேன அக்ரஹாரா பழ மார்க்கெட்டில் சரக்கு இறக்கும் வியாபாரி ஒருவர், "கெமிக்கல் வேணாம்னுதான் சார் கிராம்பு எண்ணெய்ல முக்கினோம்" என்று கிரேட்டைத் திறந்து காட்டினார். செந்தூரா ரக மாம்பழம். சொட்டு வடிந்து நின்ற அடிப்பக்கத்தில் காசளவுக்குத் தோல் வெந்து பழுப்பேறியிருந்தது. காம்பைச் சுற்றி ஆந்த்ராக்னோஸ் என்ற பூஞ்சை நோயின் கரும்புள்ளி வழக்கம்போலவே. அதைத் தடுக்கத்தான் முக்கியிருக்கிறார். எண்ணெய்க் காசும் போச்சு, பழமும் போச்சு.

"இயற்கைதானே, என்ன ஆகிடப் போகுது?" கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. கிராம்பில் யூஜினால், எலுமிச்சம்புல்லில் சிட்ரால் என்ற வேதிப்பொருள்கள். பூஞ்சையை அடக்கும் திறன் இவற்றுக்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் செல் சவ்வைக் குலைத்துத்தான் அடக்குகின்றன. பழத்தோலிலும் செல் இருக்கிறது, அதற்கும் சவ்வு இருக்கிறது. அளவு மிஞ்சினால் இரண்டும் ஒன்றாகவே சாகும். "குருமாவுக்குக் கிராம்பு போடுறோமே" என்பார்கள். குருமாவில் விழுவது நாலு மொட்டு. பாட்டிலில் இருப்பது வடித்தெடுத்த எண்ணெய், அதில் பெரும்பங்கு யூஜினால். இலையிலிருந்து வந்தால் என்ன, ஆலையிலிருந்து வந்தால் என்ன, தோலுக்கு அது யூஜினால்தான்.

இந்த வியாபாரி அந்த எண்ணெயை வெறும் தண்ணீரில் ஊற்றியிருக்கிறார். எண்ணெய் தண்ணீரில் கரையாது, துளித்துளியாய்ப் பிரிந்து நிற்கும். முதலில் முக்கியெடுத்த கிரேட்டுகள் அதை வாரிக்கொண்டு கருகின, பின்னால் வந்தவற்றுக்கு வாசனைதான் மிச்சம். (அறையில் மணம் பரப்பும் டிஃப்யூசருக்கு விற்கும் 'கிராம்பு' பாட்டில்களில் பல வெறும் சென்ட். அதையும் ஊற்றுகிறார்கள்.)

இன்னொன்று: ஆந்த்ராக்னோஸ் மண்டியில் தொற்றுவதில்லை. பிஞ்சிலேயே ஒட்டி, தோலுக்கடியில் பதுங்கி, பழுக்கும்போது தலைகாட்டும். புள்ளி விழுந்த பழத்தில் எதைத் தெளித்தாலும் வீண். தோப்பில் நோய்த்தடுப்பு, காய்ந்த கிளை அகற்றுதல், பறித்ததும் 52 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 10 நிமிடம் என்பதுதான் அடிப்படை. தெர்மாமீட்டர் இல்லாமல் அதிலும் இறங்காதீர்கள்.

அதற்குப் பிறகும் எண்ணெய்தான் வேண்டுமென்றால், எண்ணெயையும் தண்ணீரையும் கலக்கவைக்கும் உணவுத் தர எமல்சிஃபையர் சேர்த்துக் கலக்குங்கள். லிட்டருக்குச் சில துளியில் தொடங்குங்கள். முதலில் பத்துப் பழத்தில் மட்டும் பாருங்கள், அதுவும் முழுக்கப் பழுக்கும்வரை. மறுநாளே தோல் நன்றாயிருக்கிறதென்று லாரியை ஏற்றிவிடாதீர்கள். அறுத்துச் சாப்பிட்டும் பாருங்கள், சதையில் கிராம்பு நெடி ஏறியிருந்தால் யார் வாங்குவது?

முக்குகிற பையனுக்குக் கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் வாங்கிக் கொடுங்கள், தயவுசெய்து. அவன் தோலும் எரியும்.