மழையில் டயர் எப்படிப் பிடிக்கிறது?

சுசுகி வி-ஸ்ட்ராம் 650 பைக் வைத்திருக்கும் வாசகர் ஒருவர், தம் வண்டியின் இரண்டு டயர்களும் தேய்ந்துவிட்டதாக எழுதியிருக்கிறார். கடைக்காரர் இரண்டு ஜோடிகளைக் காட்டி, ஒன்று நெடுநாள் உழைக்கும், மற்றொன்று மழையில் நன்றாகப் பிடிக்கும் என்று சொன்னாராம். பார்வைக்கு ஒன்றுபோலவே தெரியும் இரண்டு கறுப்பு ரப்பர்களுக்குள் அப்படி என்ன வேறுபாடு இருந்துவிட முடியும் என்பது அவர் கேள்வி. டயரின் மேற்பரப்பில் கட்டிகட்டியாக நிற்கும் பட்டன்களின் அமைப்பில் சிறு பகுதியும், ரப்பரின் மூலக்கூறுகளில் பெரும்பகுதியுமாக அந்த வேறுபாடு இருக்கிறது.

முதலில் அளவு. அந்த வண்டியின் பின் டயரில் 150/70 R17 69V என்றிருக்கும். 150 மில்லிமீட்டர் அகலம், அதில் 70 விழுக்காடு பக்கச் சுவரின் உயரம், ரேடியல் கட்டுமானம், 17 அங்குல ரிம், 325 கிலோ வரை சுமை (69 என்னும் குறியீடு), மணிக்கு 240 கிலோமீட்டர் வரை வேகம் (V) என்பது அதன் பொருள். பெட்டிகளும் பின்னால் ஓர் ஆளுமாக நெடுந்தூரம் போகிறவர்கள் சுமைக் குறியீட்டைக் குறைத்து வாங்கக் கூடாது. அகலமான டயர் போட்டால் பிடிமானம் கூடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தரையைத் தொடும் பரப்பைப் பெரிதும் முடிவு செய்பவை சுமையும் காற்றழுத்தமுமே. ரிம் மாறாமல் டயர் மட்டும் அகலமானால், அது ரிம்மில் நெருக்குண்டு, சாய்ந்து திரும்புவதற்கென வடிவமைத்த வளைவைத்தான் இழக்கும்.

இனி ரப்பருக்கு வருவோம். உராய்வு விசை அழுத்தும் விசைக்கு நேர்விகிதத்தில் இருக்கும், வேகத்தைப் பொறுத்ததன்று என்று பள்ளியில் படித்தோம். ரப்பர் இந்த விதிக்குக் கட்டுப்படுவதில்லை. அது சாலையை இரண்டு வழிகளில் பிடிக்கிறது. மூலக்கூறுகள் தார்ப்பரப்போடு நேராக ஒட்டிக்கொள்வது ஒரு வழி. ஜல்லிகளின் மேடுபள்ளங்களில் ரப்பர் அமுங்கி மீளும்போது ஆற்றலை இழப்பது மற்றொன்று. இதை ஹிஸ்டெரிசிஸ் என்பார்கள். மழை பெய்ததும் நடுவில் நீர்ப்படலம் புகுந்து ஒட்டுதலைக் கெடுத்துவிடுகிறது. ஆனால் ஜல்லிகளின் வடிவத்தை நீரால் அழிக்க முடியாது. பட்டன்களுக்கு இடையிலுள்ள பள்ளங்கள் தண்ணீரை வெளியேற்றியபின், ஈரச் சாலையில் நம்மைக் காப்பது பெரும்பாலும் இந்த இரண்டாம் வழியே.

அந்த இரண்டாம் வழி எனக்கு மிகப் பிடித்த இயற்பியல்களுள் ஒன்று. ரப்பரின் உள்ளே நீண்ட பாலிமர் சங்கிலிகள் இடியாப்பம்போலப் பின்னிக் கிடக்க, கந்தகப் பாலங்கள் அவற்றை அங்கங்கே கட்டி வைத்திருக்கின்றன. இழுத்தால் நீளும், விட்டால் திரும்பும். ஆனால் ஒன்றையொன்று உரசிக்கொண்டுதான் நகர வேண்டியிருப்பதால், இரண்டையும் சிறிது தயங்கியே செய்யும். சக்கரம் பூட்டிக்கொள்ளாத சாதாரண பிரேக்கிலும் பட்டன்கள் சாலையின் மேல் சற்று வழுக்குகின்றன. அப்போது ரப்பர் ஒரு ஜல்லியின் மேல் ஏறி இறங்குவதைப் பார்ப்போம். மோதும் சரிவில் சங்கிலிகள் வழிவிடத் தயங்குவதால் அங்கே அழுத்தம் மிகுகிறது. கல்லைத் தாண்டியதும் பழைய வடிவத்துக்குத் திரும்புவதிலும் அதே தயக்கம் இருப்பதால், மறுசரிவை ரப்பர் உடனே வந்து தொடுவதில்லை. தொட்டாலும் மெல்லவே அழுத்துகிறது. தயக்கமே இல்லாத ரப்பராக இருந்தால், ஒரு சரிவு பின்னுக்குத் தள்ளிய அதே அளவுக்கு மறுசரிவு முன்னுக்குத் தள்ளி, இரண்டும் கழிந்து ஒன்றும் மிஞ்சியிருக்காது. தயக்கத்தால் கணக்கில் பின்னோக்கிய விசை ஒன்று மிஞ்சுகிறது. நாம் பிடிமானம் என்று உணர்வது அந்த மிச்சத்தையே. இழந்த ஆற்றல் வெப்பமாகி, டயரைச் சூடாக்குகிறது.

தயக்கத்தின் அளவு, எவ்வளவு வேகமாக அமுக்குகிறோம் என்பதைப் பொறுத்தது. மிக மெதுவாக அமுக்கினால் சங்கிலிகளுக்கு நகர நேரம் கிடைத்துவிடுகிறது. மிக விரைவாக அமுக்கினால் நகரவே நேரமில்லாமல் ரப்பர் கண்ணாடியைப்போல விறைத்துவிடுகிறது. இடையில் ஓரிடத்தில் இழப்பு உச்சத்தைத் தொடுகிறது. இங்கே ஒரு வியப்பு: வேகமாக அமுக்குவதும் குளிரவைப்பதும் ரப்பருக்கு ஏறக்குறைய ஒன்றே. 1963-இல் கே. ஏ. கிரோஷ் என்ற ஆய்வாளர் இதைப் பயன்படுத்தி, சூடு தோன்றாத அளவுக்கு மிக மெதுவாகவே ரப்பரை வழுக்கவிட்டு, வெப்பநிலையை மட்டும் பரந்த எல்லையில் மாற்றி அளந்தார். வெவ்வேறு வெப்பநிலைகளில் எடுத்த அளவுகளை வேக அச்சில் நகர்த்தியபோது அனைத்தும் ஒரே வளைகோட்டில் பொருந்தின. சொரசொரப்பான பரப்பில் உராய்வுக்கு இரண்டு உச்சங்கள் தெரிந்தன; அதில் மெக்னீசியாத் தூளைத் தூவியதும் ஒட்டுதலுக்குரிய உச்சம் மறைந்து, ஹிஸ்டெரிசிஸுக்குரியது மட்டும் நின்றது.

அவர் பணியாற்றிய இங்கிலாந்து ரப்பர் ஆய்வகம், மலாயா ரப்பர் மீது விதித்த தீர்வையில் நடந்தது. அந்த ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் பெரும் பங்கினர் தமிழர்கள். அவர்கள் உழைப்பிலிருந்து கிளைத்த ஓர் அடிப்படை அறிவு, உடனடிப் பயன் என்ன என்று யாரும் நெருக்காததால்தான் பிறந்தது என்று நினைக்கிறேன். ரப்பர் விளையும் நம் நாட்டிலும் இத்தகைய பொறுமையான ஆய்வுக்குப் பணம் ஒதுக்க வேண்டும்.

இனி, ஓடும் டயரில் இந்த அசைவுகளின் வேகத்தைக் கணக்கிடுவோம். மேற்சொன்ன பின் டயரின் சுற்றளவு ஏறத்தாழ 2 மீட்டர். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் அது விநாடிக்கு 11 முறை சுழல்கிறது; ஒவ்வொரு பட்டனும் விநாடிக்கு 11 முறை தரையில் அமுங்குகிறது. பிரேக் பிடிக்கும்போதோ, விநாடிக்கு ஒரு மீட்டர் வழுக்கினால், ஒரு மில்லிமீட்டர் மேடுகள் ரப்பரை விநாடிக்கு ஆயிரம் முறையும், அதில் நூறில் ஒரு பங்கே உள்ள நுண்மேடுகள் ஒரு லட்சம் முறையும் அசைக்கும். சுழற்சியால் வரும் மெதுவான அசைவில் இழப்பு கூடினால் பெட்ரோல் வீணாகி டயரும் தேவையின்றிச் சூடேறும். வழுக்கலால் வரும் விரைவான அசைவில் இழப்பு குறைந்தால் வண்டி வழுக்கும். ஆக, மெதுவான அசைவில் குறைந்த இழப்பும் விரைவான அசைவில் மிகுந்த இழப்பும் உள்ள ரப்பரே வேண்டும். டயருக்குக் கறுப்பு நிறமும் வலுவும் தரும் கார்பன் பிளாக் துகள்கள் தமக்குள் பின்னும் வலை, ஒவ்வொரு சுழற்சியிலும் உடைந்து சேர்ந்து, மெதுவான அசைவிலேயே ஆற்றலைத் தின்கிறது. மணலின் வேதிப்பொருளான சிலிக்காவைச் சிலேன் என்னும் இணைப்பியால் ரப்பரோடு கட்டினால் அந்த வலை தளர்கிறது. விரைவான அசைவின் இழப்போ அப்படியே நிற்கிறது. மிஷெலின் 1992-இல் கார் டயர்களில் சந்தைக்குக் கொண்டுவந்த இந்த உத்தி, பின்னர் பைக் டயர்களுக்கும் வந்தது.

எனவே கேள்வி கேட்ட வாசகருக்கு என் பரிந்துரை, சிலிக்கா மிகுந்த, மழைக்கான ஜோடியே. பருவமழைக் காலத்தில் வால்பாறை போன்ற மலைப்பாதைகளில் திரும்புகிறவருக்குச் சில ஆயிரம் கிலோமீட்டர் கூடுதல் ஆயுள் ஈடாகாது. நான்குவழிச் சாலையில் நேராகவே ஓடி நடுப்பகுதி தட்டையாகிவிடும் என்பது கவலையென்றால், நடுவில் கடினமான கலவையும் ஓரங்களில் மென்மையானதும் வைத்த இருகலவை டயர்கள் கிடைக்கின்றன. பந்தய டயர்களை நாட வேண்டாம். அவற்றின் கலவை நன்றாகச் சூடேறிய பிறகே பிடிக்கும், குளிர்ந்த மழைநீரில் அந்தச் சூடு வராது.

கடையில் பணம் கொடுக்குமுன் பக்கச் சுவரில் டாட் (DOT) என்னும் எழுத்துகளை அடுத்து வரும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2324 என்றிருந்தால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. கிடங்கில் கிடந்தாலும் ஆக்சிஜன் சங்கிலிகளுக்கிடையே புதிய பாலங்களைக் கட்டிக்கொண்டே இருப்பதால், ரப்பர் மெல்ல இறுகிப் பிடிமானத்தை இழக்கிறது. பட்டன் முழுதாக இருக்கும் பழைய டயரைத் தள்ளுபடி விலையில் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.