அழுத்தமா, சோர்வா?

மொரீஷியஸ் தீவின் ரோஸ்ஹில்லில் நான் எடுக்கும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு ஒரு கட்டுத் துண்டுத்தாள் வந்தது. தலைப்பு: ‘மன அழுத்தத்தைப் புரியவைக்கும் கணினி விளையாட்டுகள்’. உள்ளே முழுக்க டிப்ரஷன் பற்றிய பேச்சு. “அழுத்தம்னா ஸ்ட்ரெஸ் இல்லையா மிஸ்?” என்று ஒரு பையன் கேட்டான். வீட்டில் பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழி பேசுகிறவன். அவனுக்கு ‘ஸ்த்ரெஸ்’ வேறு, ‘தெப்ரெஸ்யோன்’ வேறு. இரண்டையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டியது நம் மொழிபெயர்ப்பாளர்தான்.

இலத்தீனில் ‘தெ’ என்றால் கீழே, ‘ப்ரெமெரெ’ என்றால் அழுத்துதல். ‘டிப்ரஷன்’ என்ற சொல்லின் பிறப்பு அவ்வளவுதான்.

அழுத்தக் கட்சிக்காரர்கள் இதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள்: வேரிலேயே அழுத்தம் இருக்கிறதாம். சரி, புயல் காலத்தில் நம் வானொலி சொல்லும் ‘தெப்ரெஸ்யோன்’ என்ன? காற்றழுத்தத் தாழ்வு. அங்கே அழுத்தம் குறைகிறது! அதுவும் அதே இலத்தீன் வேர்தான். வேரைப் பார்த்துத் தமிழாக்கியிருந்தால் வானிலை அறிக்கை தலைகீழாகியிருக்கும். பொருளைப் பார்க்க வேண்டும். தேர்வு நெருங்கும்போது வருவது அழுத்தம். தேர்வு முடிந்தால் பெரும்பாலும் இறங்கிவிடும். இந்த நோயிலோ வாடிய மனமோ, பிடித்த எதிலும் நாட்டமின்மையோ நாள் தவறாமல் தொடர்கிறது. குறைந்தது இரண்டு வாரம் என்பது மருத்துவர் கணக்கு. போதாததற்கு, தமிழில் ‘அழுத்தக்காரன்’ என்றால் மனதில் உள்ளதை வெளியே விடாத ஆள். நோயாளிக்கு இந்தப் பழியும் வேண்டுமா?

இதற்கு நான் கேட்கும் சொல் ‘சோர்வு’. சோர்தல் என்றால் தளர்தல், நழுவுதல், வடிதல். பழைய பாட்டுகளில் கூந்தலும் சோரும், கண்ணீரும் சோரும். ‘சோர்வு வெறும் களைப்புதானே, தூங்கினால் போய்விடும்’ என்பார்கள். நியாயமான குறைதான். அதனால்தான் ‘மனச்சோர்வு’ என்று சேர்த்தே சொல்லச் சொல்கிறேன்.

அந்தத் தாளில் இருந்த விளையாட்டே எனக்குச் சாட்சி. 2013இல் வந்த ‘டிப்ரஷன் குவெஸ்ட்’ முழுக்க எழுத்தால் நடப்பது. ஒவ்வொரு கட்டத்திலும் சில தெரிவுகள் வரும். நல்ல தெரிவு கண்ணெதிரே இருக்கும், ஆனால் குறுக்கே கோடு அடித்திருக்கும், சொடுக்க முடியாது. நிலைமை மோசமாக ஆக, கோடு விழுந்த வரிகள் கூடும். யாரும் அழுத்தவில்லை. செய்ய வேண்டியது தெரிகிறது, கை எழவில்லை. ‘எழுந்து நாலு பேரோடு பழகேன்’ என்று புத்தி சொல்லும் சித்தப்பாக்கள் அரைமணி நேரம் ஆடிப் பார்க்கலாம். 2010இல் சிங்கப்பூர்-எம்ஐடி ஆய்வகம் செய்த ‘இலூட்’ விளையாட்டும் நோயாளியின் வீட்டாருக்கும் நண்பர்களுக்கும் இதைப் புரியவைக்கத்தான்.

1998இல் ரூபாய்த் தாளில் மொழிகளின் வரிசையில் தமிழ் ஒரு படி கீழே இறங்கியதற்கு இந்தத் தீவில் எவ்வளவு கொதித்தோம்! அந்தத் தாள்களையே திரும்பப் பெற்றார்கள். துண்டுத்தாளில் எந்தத் தமிழ் அச்சாகிறது என்று பார்க்க மட்டும் ஆளில்லை.

தாள்தோறும் ‘அழுத்த’த்தை அடித்துச் ‘சோர்வு’ என்று எழுதினேன். சிவப்பு மை பாதியில் தீர்ந்துவிட்டது. மீதியைப் பிள்ளைகளே பென்சிலால் திருத்திக்கொண்டார்கள்.