ஆறடி ஆளுக்கு எந்த வாட்ச்?

ஆள் வாட்டசாட்டமாக இருந்தால் வாட்சும் பெரிதாக இருக்க வேண்டும் என்பது பலருடைய கணக்கு. என் கணக்கும் அதுதான். உயரத்தை நம்பி 44 மி.மீ. விட்டமுள்ள வாட்ச் ஒன்றை வாங்கினேன். மேசையில் கையூன்றி எழும்போதெல்லாம் அதன் சாவிக் குமிழ் புறங்கையில் குத்தியது. மணிக்கட்டை அளந்தபோதுதான் விஷயம் புரிந்தது: ஆறடி உயரத்துக்கு வெறும் 16.5 செ.மீ. சுற்றளவு.

முன்னங்கையில் சதை நிறைய உண்டு. மணிக்கட்டை நெருங்க நெருங்க அந்தத் தசைகள் மெலிந்து நாண்களாகிவிடும். அங்கே மிஞ்சுவது ரேடியஸ், அல்னா என்ற இரண்டு எலும்புகளின் முனைகளும், நாண்களும், மேலே போர்த்திய தோலும்தான். கொழுப்பு தங்கவும் அதிக இடமில்லை. அதனால்தான் உடற்பயிற்சி செய்தால் முன்னங்கை திரண்டுவிடுகிறது, மணிக்கட்டு அப்படியே இருக்கிறது.

உடல்வாகைக் கணிக்க இந்தக் குணம் உதவுகிறது. உயரத்தை மணிக்கட்டுச் சுற்றளவால் வகுக்க வேண்டும், இரண்டும் செ.மீ.யில். ஆண்களுக்கு விடை 10.4-ஐத் தாண்டினால் சிறிய எலும்புவாகு, 9.6-க்குக் கீழே என்றால் பெரியது. பெண்களுக்கு இதே எல்லைகள் 11, 10.1. என் 183-ஐ 16.5-ஆல் வகுத்தால் 11.1. நெட்டையாக வளர்ந்த சிறிய எலும்புக்காரன்! 165 செ.மீ. உயரமும் 17.5 செ.மீ. மணிக்கட்டும் கொண்டவருக்கு 9.4 வரும். பெரிய வாட்ச் அவர் கையில்தான் பாந்தமாக உட்காரும்.

சுற்றளவும் முழுக் கதையைச் சொல்லாது. மணிக்கட்டு உருண்டையான குழாய் இல்லை, நீள்வட்டம். சுற்றளவு 17 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். சரியான வட்டமாக இருந்தால் குறுக்களவு 54 மி.மீ. தட்டையான கையாக இருந்தால் அகலம் 60 மி.மீ., தடிமன் 48 மி.மீ. என்று வரலாம். வாட்சுக்குக் கிடைக்கும் மேடை இந்த அகலம்தான், அதிலும் ஓரங்கள் சரிந்துவிடும்.

அந்த மேடையில் இடம் பிடிப்பது வாட்ச் கூட்டின் விட்டம் மட்டுமல்ல. பட்டை மாட்ட மேலும் கீழும் நீளும் கொம்புகளுக்கு ‘லக்’ என்று பெயர். ஒரு கொம்பின் நுனியிலிருந்து எதிர்க் கொம்பின் நுனிவரை அளந்து பாருங்கள். 40 மி.மீ. வாட்ச் இரண்டில் ஒன்று 46-லும் மற்றது 50-லும் முடியலாம். கொம்பு நுனி மணிக்கட்டின் ஓரத்தைத் தாண்டினால் பட்டை தோலைத் தொடாமல் அந்தரத்தில் தொங்கும். கனமான வாட்சாக இருந்தால் பக்கவாட்டில் உருளவும் தொடங்கும்.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய விமானங்களில் திசைகாட்டும் பணியில் இருந்தவர்கள் கட்டிய வாட்சுகள் 55 மி.மீ. விட்டம்! ஆனால் அவை தடித்த ஜாக்கெட் கையின் மேல் கட்டுவதற்கானவை, மணிக்கட்டுக் கணக்கு அங்கே செல்லாது. வெறும் மணிக்கட்டில் கட்டுவதற்காக 1945-இல் வந்த ரோலக்ஸ் டேட்ஜஸ்ட் வாட்ச் 36 மி.மீ.தான்.

இனி கண்ணின் பங்கு. 38-க்கும் 42-க்கும் இடையே 4 மி.மீ.தானே என்று தோன்றும். பரப்பளவு விட்டத்தின் வர்க்கத்தோடு கூடுவதால் வித்தியாசம் 22 சதவீதம். சதுர வாட்ச் இன்னும் மோசம்: ஒரே அகலமுள்ள வட்ட வாட்சைவிட அதற்கு 27 சதவீதம் பரப்பு அதிகம். வெள்ளை டயல் கறுப்பை விடப் பெரிதாகத் தெரியும். வெளி விளிம்பு மெலிந்திருந்தாலும் அப்படித்தான்.

கையில் கட்டி ஃபோனில் படமெடுத்துப் பார்ப்பவர்களை ஏமாற்றுவது லென்ஸ். ஒரு சாண் தூரத்தில் பிடித்தால் லென்ஸுக்கு நெருக்கமான வாட்ச் உப்பிவிடும், பின்னால் இருக்கும் கை ஒடுங்கிவிடும். வாங்குவதற்கு முன் ஆளுயரக் கண்ணாடியிலிருந்து நாலடி தள்ளி, கையைத் தொங்கவிட்டு நின்று பாருங்கள். மற்றவர்கள் கண்ணில் படும் அளவு அதுதான்.