போட்டான் டார்பிடோ வெடிக்காமல் இருப்பது எப்படி?

ஸ்டார் டிரெக் என்ற அமெரிக்க விண்வெளிக் கதைத் தொடரைப் பார்த்தவர்களுக்கு போட்டான் டார்பிடோவைத் தெரியாமல் இருக்காது. பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக: ஆள் உயரத்தைவிடக் கொஞ்சம் நீளமான ஒரு கறுப்புக் கூடு, விண்கப்பலின் குழாயிலிருந்து பாய்ந்து போய் எதிரிக் கப்பலைத் தாக்கும். 1982 இல் வந்த படத்தில் முக்கியப் பாத்திரமான ஸ்பாக்கின் உடலை இந்தக் கூட்டுக்குள் வைத்துத்தான் விண்வெளிக்கு அனுப்புவார்கள். உள்ளே வெடிமருந்து எதுவும் கிடையாது. தொடருக்கென்று வெளியான தொழில்நுட்பக் கையேட்டின்படி 1.5 கிலோ டியூட்டீரியமும் (ஹைட்ரஜனின் கனமான வகை) அதே அளவு எதிர் டியூட்டீரியமும் இருக்கும். எதிர்ப்பொருள் என்றால் சாதாரணப் பொருளைப் போலவே இருந்து மின்னூட்டம் மட்டும் நேரெதிரான துகள்களால் ஆனது. பொருளும் எதிர்ப்பொருளும் சந்தித்தால் இரண்டுமே அழிந்து ஆற்றலாகிவிடும்.

மொத்தம் 3 கிலோதானே என்று தோன்றும். ஐன்ஸ்டைனின் சமன்பாட்டில் போட்டுப் பார்த்தால் 64 மெகாடன் டிஎன்டி, அதாவது 6.4 கோடி டன் டிஎன்டி வெடிமருந்துக்குச் சமமான ஆற்றல் வருகிறது. 1961 இல் சோவியத் யூனியன் வெடித்துப் பார்த்த ஜார் என்ற ஹைட்ரஜன் குண்டே சுமார் 50 மெகாடன்தான். நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால், கூடங்குளத்தில் ஓடும் இரண்டு 1000 மெகாவாட் உலைகளும் ஒரு நாள்கூட நிற்காமல் நாலு வருடத்துக்கு மேல் முழு அளவில் கொடுக்கும் மின்சாரம். அந்தப் பக்கம் மகேந்திரகிரி அடிவாரத்தில் இஸ்ரோ சோதிக்கும் கிரையோஜெனிக் இன்ஜினில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் எரிகின்றன, ராக்கெட்டுக்குக் கிடைக்கும் மிகத் திறமையான எரிபொருள் ஜோடிகளில் ஒன்று அது, ஆனாலும் கிலோவுக்குக் கிலோ பார்த்தால் எதிர்ப்பொருளின் ஆற்றல் அதைப்போல் 600 கோடி மடங்குக்கும் மேல்.

சரி, இரண்டையும் முட்டவிட்டால் போதுமா? போதாது. காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் சில துளிகள் உடனே வற்றாமல் உருண்டோடும், அடியில் உண்டாகும் ஆவி துளியைத் தூக்கிப் பிடிப்பதால். இங்கேயும் அதே கதைதான். இரண்டு கட்டிகளும் தொட்ட இடத்தில் மட்டும் கொஞ்சம் அழியும், அந்த வேகம் மிச்சத்தை ஒன்றிலிருந்து ஒன்று விலக்கித் தள்ளிவிடும். கையேட்டை எழுதியவர்கள் இதை யோசித்திருக்கிறார்கள்: இரண்டையும் ஆயிரக்கணக்கான நுண்ணிய பொட்டலங்களாக்கி, காந்தப்புலத்தில் தாங்கி, ஒன்றுக்குள் ஒன்றாகக் கலந்த பிறகே வெடிக்க விடுகிறார்கள். தொடும் பரப்பு எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவுக்கு முழுமையாக எரியும். ஒரு கற்பனை ஆயுதத்துக்கு இவ்வளவு மெனக்கெட்டதைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே மரியாதை வருகிறது.

பெயரில் போட்டான், அதாவது ஒளித்துகள், இருந்தாலும் எல்லாம் ஒளியாக வராது. எதிர்ப்பொருளின் அணுக்கருவில் உள்ள எதிர்ப் புரோட்டான் அழியும்போது முதலில் பையான் என்ற துகள்கள் பிறக்கும். மின்னூட்டம் இல்லாத பையான்கள் அந்த நொடியே காமா கதிர்களாகிவிடும். மின்னூட்டம் உள்ளவை சில பத்து மீட்டர் பறந்து சிதையும்போது ஆற்றலில் ஒரு பங்கை நியூட்ரினோக்கள் கொண்டுபோய்விடும், தேனி பொட்டிப்புரத்தில் ஆய்வகம் கட்டுவதாகப் பேச்சு வந்ததே, அதே நியூட்ரினோதான், எதிரிக் கப்பலுக்குள் புகுந்து ஒன்றும் செய்யாமல் மறுபக்கம் போய்விடும். வெற்றிடத்தில் காற்று இல்லாததால் அதிர்வலையும் கிடையாது. காமா கதிர்கள் கப்பலின் மேல்தோலைச் சுட்டு ஆவியாக்க, அந்த ஆவி சீறிக் கிளம்பும் எதிர்விசைதான் உள்ளே இருப்பதை நொறுக்கும். தூரம் இரண்டு மடங்கானால் தாக்கம் கால்வாசி ஆகிவிடும், அதனால் உடம்பை ஒட்டி வெடித்தால்தான் பலன்.

ஆனால் இதையெல்லாம்விடப் பெரிய சிக்கல் எதிர்ப்பொருளை வைத்திருப்பது. திரவ ஹைட்ரஜனை −253 டிகிரியில் வைக்க வேண்டும், அதுவே பெரும்பாடு, இருந்தாலும் அதை ஒரு உலோகத் தொட்டியில் ஊற்றலாம், கசியும் வெப்பத்தில் கொதித்து வரும் வாயுவை வால்வு வழியாக வெளியே விடலாம். எதிர்ப்பொருளுக்குத் தொட்டியே கிடையாது, சுவரைத் தொட்டால் தீர்ந்தது. ஜெனிவா பக்கத்தில் உள்ள செர்ன் ஆய்வகத்தில் மின்புலமும் காந்தப்புலமும் கொண்ட பொறிகளில் எதிர்ப் புரோட்டான்களை ஒரு வருடத்துக்கும் மேல் பிடித்து வைத்திருக்கிறார்கள். எதிர் ஹைட்ரஜன் அணுக்களை 1000 விநாடி வைத்திருந்ததாக 2011 இல் அறிவித்தார்கள். இப்படிப்பட்ட பொறியை லாரியில் ஏற்றிக்கொண்டு போக முடியுமா என்று 2024 அக்டோபரில் முயன்றபோது ஏற்றியது 70 புரோட்டான்கள், அதுவும் சாதாரணப் புரோட்டான்கள்.

இங்கிருந்து 1.5 கிலோவுக்குப் போவது சும்மா பெரிதாக்குகிற வேலை இல்லை. ஒரே மின்னூட்டம் கொண்ட துகள்கள் ஒன்றையொன்று தள்ளும், கிலோ கணக்கில் அடைத்தால் எந்தப் புலமும் தாங்காது. அதனால் மின்னூட்டமில்லாத அணுக்களாக்கி, உறைய வைத்து, வெற்றிடத்தில் காந்தத்தால் மிதக்கவிட வேண்டும். மிதக்கிற கட்டியிலிருந்து ஒரு மூலக்கூறு கழன்று சுவரில் பட்டால் அங்கே காமா கதிர் கிளம்பும், அது கட்டியைச் சூடாக்கும், இன்னும் நாலு கழலும். திறந்துவிட வால்வும் இல்லை. தனிச்சுழி வெப்பநிலையை (சுமார் −273 டிகிரி) ஒட்டியே வைத்திருந்தால்தான் கழல்வது அநேகமாக நிற்கும், அதற்குக் குளிரூட்டியும் காந்தமும் ஒரு கணம் தவறாமல் வேலை செய்ய வேண்டும், ஏவிய பிறகு மட்டுமல்ல, அலமாரியில் அடுக்கி வைத்திருக்கும் மாதக்கணக்கிலும். கப்பலில் மின்சாரம் போனால் கேப்டன் முதலில் பேட்டரியை ஓட்ட வேண்டிய இடம் அந்த டார்பிடோ அறைதான்.