போட்டி கரையுது, வயிறு ஏன் கரையலை?

மதுரை சிம்மக்கல் பக்கம் ராத்திரி பதினொரு மணிக்கு புரோட்டாவும் போட்டியும் (ஆட்டு வயிறு, குடல் கறி) சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நண்பன் கேட்டான்: "மாப்ள, ஆட்டோட வயித்தையே நம்ம வயிறு கரைச்சிருது, தன்னை மட்டும் எப்படி விட்டுவைக்குது?" நியாயமான கேள்வி. (அவன் விரலில் இருந்த, பூத்துவாலை மாதிரி சொரசொரப்பான துண்டு ஆட்டின் முதல் அறை. அங்கே அமிலம் சுரக்காது, நாலாவது அறையில்தான் சுரக்கும். சொன்னால் எழுந்து போயிருப்பான்.)

நம் இரைப்பை அமிலம் எலுமிச்சைச் சாற்றை விடக் காட்டமானது. அது சுவரைத் தொடாமல் அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட் கலந்த சளிப்படலம் ஒன்று காக்கிறது. ஆனாலும் மேல்வரிசைச் செல்கள் தினமும் அடிவாங்கும், உதிரும். அவற்றின் ஆயுளே சில நாள்தான், போன வாரம் இருந்த மேல்பரப்பு இப்போது உங்களிடம் இல்லை.

புதுசு எங்கிருந்து வருகிறது? இரைப்பைச் சுவரைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் நெருக்கமாகக் குட்டிக் குட்டிக் குழிகள், ஒவ்வொன்றும் கீழே சுரப்பியாக இறங்கும். இரைப்பையின் நடுப்பகுதியில் குழியும் சுரப்பியும் சேரும் இடுக்கில் ஸ்டெம் செல்கள், அதாவது குருத்தணுக்கள், பிரிந்துகொண்டே இருக்கின்றன. பிறந்த செல்கள் சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் நாம் போவது போலத்தான் போகும், பின்னால் வருகிறவர்கள் தள்ளத் தள்ள மேலே ஏறி, சளி சுரந்து, உச்சிக்கு வந்து உதிர்ந்துவிடும். கீழே இறங்குகிறவை நிதானப் பேர்வழிகள், அமிலம் சுரக்கும் செல் எலியில் இரண்டு மாதம் போல இருக்கும், அடியில், புரதத்தைச் செரிக்கும் பெப்சினுக்கான சரக்கைத் தயாரிக்கும் செல் அதற்கும் மேல்.

இரைப்பையின் கடைசிப் பகுதியில் கதை வேறு. அங்கே சுரப்பியின் அடியிலேயே குருத்தணுக்கள் இருப்பதை 2010-ல் டச்சு விஞ்ஞானி ஹான்ஸ் கிளெவர்ஸின் குழு எலியில் காட்டியது. அப்படி ஒற்றைச் செல்லை எடுத்துத் தட்டில் வளர்த்தால், குட்டி இரைப்பைச் சுரப்பி மாதிரியே முளைத்து வந்தது! எனக்கு இதுதான் இன்னும் நம்ப முடியாத விஷயம்.

சரி, இந்த ஏற்பாடு எப்போது கெடும்? வலி மாத்திரையை அடிக்கடி போட்டால் சளி சுரக்கத் தூண்டும் புராஸ்டகிளாண்டின் என்ற பொருள் குறையும், கூடவே சளிப்படலமும் மெலியும். அப்புறம் இரைப்பையில் குடியேறும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா. 1984-ல் ஆஸ்திரேலிய டாக்டர் பாரி மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வாங்கிக்கொண்டார், 2005-ல் கூட்டாளி ராபின் வாரனோடு நோபலும் வாங்கினார். அந்தக் கிருமி வருஷக்கணக்காகத் தங்கினால் புண் ஆற ஆற, குருத்தணுக்கள் ஓயாமல் பிரிய வேண்டியிருக்கும். சிலருக்கு அதில் வழி தவறி, இரைப்பைச் சுவரில் குடலுக்குரிய செல்களே முளைத்துவிடும். எண்டோஸ்கோப்பி பார்க்கும்போது டாக்டர் துளி சதை கிள்ளி எடுப்பது பெரும்பாலும் இந்த மாதிரி விஷயங்களைத் தேடித்தான்.